காட்டு ரோட்டுக்கு எந்த டயர்?

மாசி மகம். காரமடையில் அரங்கநாதர் தேர் புறப்படுகிறது. பந்த சேவை, தண்ணீர் சேவை செய்யும் பக்தர்கள் ஒரு பக்கம். வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். எல்லோருடைய கண்ணும் மேலே இருக்கிறது. தேர்ச் சீலையைப் பார்க்கிறார்கள். சுவாமியைப் பார்த்துக் கை கூப்புகிறார்கள்.

சக்கரத்தின் அருகே மட்டும் சிலர் குனிந்தபடியே வருகிறார்கள். அவர்கள் கையில் மரக்கட்டை. தேர் திரும்பவேண்டுமா? சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார்கள். நிற்கவேண்டுமா? அதற்கும் கட்டைதான். சக்கரம் தரையைத் தொடும் இடத்தை விட்டு அவர்கள் பார்வை நகருவதே இல்லை.

தேருக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் இன்றைய ஜீப்புக்குக் கிடைப்பதில்லை. குழந்தை குட்டிகளோடு மலை ஏறும் ஜீப்புக்கு, அழகுக்காக டயர் வாங்குகிறார்கள். இது பெரிய தவறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரமடையில் நின்று பாருங்கள். கோவைப் பக்கமிருந்து ஜீப்புகள் வரும். இடது புறம் திரும்பி வெள்ளியங்காட்டு ரோட்டைப் பிடிக்கும். அந்த ரோடு முள்ளி, கெத்தை வழியாக நீலகிரியின் குந்தா வட்டத்திலுள்ள மஞ்சூருக்குப் போகிறது. குன்னூர் ரோட்டிலும் கோத்தகிரி ரோட்டிலும் உள்ள நெரிசல் இதில் இல்லை. அதனால் ஊட்டிக்கு இது மூன்றாவது வழியாகிவிட்டது. நல்ல காடு, நல்ல காற்று. கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பஞ்சமில்லை.

அந்த ஜீப்புகளின் டயரைக் கவனியுங்கள். சில ஜீப்புகளில் டயர் வண்டிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். டயரில் மேடும் பள்ளமுமாக இருக்கும் பகுதியைக் கடைக்காரர்கள் "பட்டன்" என்பார்கள். அந்தப் பட்டன் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி போல் பெரிதாக இருக்கும். நடுவில் விரல் நுழையும் இடைவெளி. வண்டி தார் ரோட்டில் போனால் "உம்ம்" என்று ஓர் இரைச்சல். பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள்!

டிராக்டர் சொல்லும் பாடம்

டயரில் பல ஜாதி உண்டு. ஜீப்புக்கு வருபவை முக்கியமாக மூன்று.

முதலாவது ரோடு டயர். இதை "ஹெச்.டி." என்பார்கள். பட்டன் நெருக்கமாக இருக்கும். சத்தம் இல்லை. தார் ரோட்டில் நன்றாகப் பிடிக்கும். சேற்றில் இறங்கினால் பள்ளமெல்லாம் மண் அடைத்துக்கொள்ளும். பிறகு வழுக்கும்.

இரண்டாவது சேற்று டயர். "எம்.டி." என்று பெயர். முன்னே சொன்ன வெல்லக்கட்டி டயர் இதுதான். சேற்றைக் கிழித்துப் போகும். ஒட்டிய மண்ணைச் சுழற்றி வெளியே எறியும்.

மூன்றாவது இரண்டுக்கும் நடுவே உள்ளது. "ஏ.டி.", அதாவது ஆல் டெரெய்ன். எல்லா நிலத்துக்குமான டயர் என்று பொருள். இடைவெளி ஓரளவு இருக்கும். பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய கோடுகள் இருக்கும். ஈர ரோட்டைப் பிடிப்பதற்கு அந்தக் கோடுகள் உதவுகின்றன.

இந்த வித்தியாசம் கொங்கு நாட்டு விவசாயிக்குப் புதிதல்ல. அவர் வீட்டு டிராக்டரைப் பார்த்தாலே போதும். முன் டயரில் நீளவாக்கில் வரி வரியாக இருக்கும். அது திருப்புவதற்கு. பின் டயரில் சாய்வான பெரிய கட்டைகள் இருக்கும். அது உழுவதற்கு. அதே டிராக்டரை நாள்தோறும் தார் ரோட்டில் ஓட்டினால் அந்தக் கட்டைகள் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியும். "ரோட்டுல ஓட்டாதே, டயர் போயிரும்" என்று ஆளைத் திட்டுவார். அவருடைய மகன்தான் புது ஜீப்புக்குச் சேற்று டயர் மாட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறான்!

சேற்று டயர் தார் ரோட்டில் ஏன் சரிப்படாது? காரணம் எளிது. ஒரு ஜீப் ஒன்றரை டன்னுக்கு மேலும் கனம் இருக்கும். அவ்வளவு கனமும் நான்கே இடத்தில் தரையைத் தொடுகிறது. ஒவ்வோர் இடமும் விரித்த கையைவிடச் சற்றுப் பெரிது. அவ்வளவுதான். அந்த இடத்திலும் பாதி பள்ளமாக இருந்தால் ரோட்டைப் பிடிக்க ரப்பர் எங்கே இருக்கிறது? மழை பெய்து ரோடு நனைந்திருக்கும்போது பிரேக் போட்டால், நிற்க அதிக தூரம் எடுக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்த அதிக தூரம் எங்கே இருக்கிறது? பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது!

அந்தச் சேறு எங்கே?

"காட்டுக்குள் போகத்தானே வாங்கினோம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எந்தக் காடு?

வெள்ளியங்காட்டைத் தாண்டினால் இரு பக்கமும் வனத்துறையின் காடு. அங்கே அனுமதியில்லாமல் ரோட்டை விட்டு இறங்குவது குற்றம். பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையே சுற்றுலா நடத்துகிறது. பரிசலில் ஏற்றி அழைத்துப்போகிறார்கள். பரிசலுக்கு டயர் வேண்டியதில்லை! கெத்தை, பரளி, பில்லூர் மூன்று இடத்திலும் குந்தா மின்திட்டத்தின் மின் நிலையங்கள் உள்ளன. அங்கேயும் நினைத்தபடி நுழைய முடியாது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு மிஞ்சுவது என்ன? வளைந்து வளைந்து போகும் தார் ரோடு. அங்கங்கே பெயர்ந்த ஜல்லி. மலையிலிருந்து உருண்ட கல். மழைக்காலத்தில் ரோட்டின் மேல் ஓடும் தண்ணீர். நண்பர் தோட்டத்துக்குப் போகும் செம்மண் தடம். அவ்வளவுதான். இதற்கு ஏற்றது நடுத்தரமான ஆல் டெரெய்ன் டயர். வேறு வாதம் தேவையில்லை.

காரமடையில் ஒரு டயர் கடையில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை புது ஜீப்போடு வந்திருக்கிறார். கூடவே மாமனாரும் வந்திருக்கிறார்.

"எங்கீங்க தம்பி ஓட்டறீங்க?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

"வாரத்துல ஆறு நாளு கோயமுத்தூருக்கு வேலைக்குப் போறனுங்க. ஞாயித்துக்கெழமை மஞ்சூருங்க."

"சேத்துல எறங்குவீங்களா?"

"தோட்டத்துக்குப் போற இட்டேரியில மழை பேஞ்சா சேறுதானுங்க."

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங் மாப்பிள்ளை, அந்த இட்டேரியில நானு இருவது வருசமா மொபெட்டுல போயிட்டு வந்துட்டிருக்கறனுங்க!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஆல் டெரெய்ன் டயரை எடுத்து உருட்டுகிறார். நல்ல கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் ஊரைக் கேட்பார். ஊரைக் கேட்காமலேயே பெரிய டயரைக் காட்டுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. புது வண்டியில் ஏற்கெனவே எந்த டயர் இருக்கிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மகிந்திரா தார் ஜீப்பின் ஃபோர் வீல் வண்டிகள் பெரும்பாலும் ஆல் டெரெய்ன் டயரோடுதான் வந்தன. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவது வீண் செலவு. 2023இல் வந்த மாருதி ஜிம்னி கதை வேறு. அது ரோடு டயரோடு வந்தது. அதன் சொந்தக்காரர் மலைத் தோட்டத்துக்கு அடிக்கடி போகிறவரானால் ஆல் டெரெய்னுக்கு மாற்றலாம். அது வீண் செலவாகாது.

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கவாட்டில் எண்கள் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பெண்ணே கணக்குப் போட்டுவிடுவாள்.

ஜிம்னியில் 195/80 ஆர் 15 என்று இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு டயரின் பக்கவாட்டு உயரம் என்பதைக் காட்டும். அதாவது 156 மில்லிமீட்டர். "ஆர்" என்றால் ரேடியல் டயர். 15 என்பது டயர் உட்காரும் டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில். 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர். மேலே ஒரு 156, கீழே ஒரு 156 சேர்த்தால் மொத்தச் சக்கரம் 693 மில்லிமீட்டர்.

இதே வண்டிக்கு 235/75 ஆர் 15 மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சக்கரம் ஏறத்தாழ 733 மில்லிமீட்டர். நான்கு சென்டிமீட்டர் அதிகம். என்ன ஆகும்? சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி அதிக தூரம் போய்விடும். வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 63க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் என்ஜின் திணறும். இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை அதிகம். வளைவில் டயர் மட்கார்டில் உரசினாலும் ஆச்சரியமில்லை. 215/75 ஆர் 15 போட்டால் 703தான். ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆசைப்படுகிறவர்கள் அதற்கு மேல் போகாமலிருப்பது நல்லது. தயாரித்தவர் சொன்ன அளவைத் தாண்டினால் விபத்துக் காலத்தில் இன்சூரன்ஸ் தகராறும் வரலாம்.

அகல டயர்தான் பலம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய விஷயம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். 1947 முதல் மகிந்திரா கம்பெனி இந்தியாவில் பூட்டி விற்றதும் அந்த வழிவந்த ஜீப்தான். பாலைவனம், பனி, சேறு எல்லாவற்றிலும் போன வண்டி அது. அதன் டயர் அகலம் வெறும் ஆறு அங்குலம்!

எண்களுக்குப் பின்னால் இன்னொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 96 எஸ், 100 எஸ் என்பதுபோல. இதை யாரும் கவனிப்பதில்லை. 96 என்றால் அந்த டயர் 710 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ தாங்கும். ஜாதகம் பார்க்கும் வீட்டில் இதையும் பார்க்கலாம்.

வயதும் எழுதியிருக்கிறது. சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள். 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற டயருக்கும் வயதாகும். ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பட்டன் புதிதாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. ஐந்து ஆண்டு ஆனால் ஆண்டுதோறும் காட்டிச் சோதிக்கவேண்டும். பத்து ஆண்டு ஆனால், எப்படி இருந்தாலும், மாற்றிவிடும்படி டயர் கம்பெனிகள் பல சொல்கின்றன.

பட்டனின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. மழைக்காலத்தில் கெத்தை ரோட்டில் போகிறவர்கள் அதுவரை காத்திருக்கவேண்டாம். மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடலாம்.

ஒரே நுகத்தில் நான்கு

ஃபோர் வீல் வண்டியில் நான்கு டயரும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஒரே அளவு, ஒரே ரகம், ஏறத்தாழ ஒரே தேய்மானம். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால், நெட்டை மாட்டையும் குட்டை மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். ஃபோர் வீல் போட்டதும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடவே கூடாது. காரணம் இதுதான். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடவேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு அந்த வண்டிகளில் இல்லை. ஜல்லியிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது.

அடுத்தது ஸ்டெப்னி. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். நான்கு டயர் மாற்றுகிற வீட்டில் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். பழைய அளவு ஸ்டெப்னி கதவில் தொங்கிக்கொண்டே இருக்கும். அதில் காற்று இருக்கிறதா என்றுகூட யாருக்கும் தெரியாது.

முள்ளிக்கும் கெத்தைக்கும் நடுவே மாலை ஐந்தரை மணிக்கு டயர் கிழிந்தால் என்ன செய்வது? அது யானைகள் நடமாடும் ரோடு. பஸ்ஸையே யானை மறித்து நின்ற செய்திகள் பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கின்றன. பல இடங்களில் செல்போனில் சிக்னல் கிடைக்காது. ஜாக்கி போட்டு டயர் மாற்றக் கால் மணி நேரம் போதும், ஸ்டெப்னி சரியாக இருந்தால். சரியாக இல்லாவிட்டால் மனைவி மக்களோடு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும்.

வண்டியில் போகும் தாய்மார்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "ஏனுங்க, ஸ்டெப்னியில காத்து பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை. புளிச்சோறு கட்டும்போதே கேட்டுவிடவேண்டும்.

கல் நிறைந்த ரோடு என்றால், அதில் பழகியவர்கள் ஆஸ்திரேலியர்கள். அந்த நாட்டின் உள்பகுதியை "அவுட்பேக்" என்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத வறண்ட பூமி. அங்கே மாரீ என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் என்ற ஊர் வரை 517 கிலோமீட்டர் மண் ரோடு ஒன்று போகிறது. ஒரு பக்கம் மணல் பாலைவனம், ஒரு பக்கம் கல் பாலைவனம். வழியில் கடை கண்ணி இல்லாத தூரம்தான் அதிகம். அந்த மாதிரி ரோட்டுக்குப் போகிறவர்கள்கூடப் பெரும்பாலும் ஆல் டெரெய்ன் டயரைத்தான் நம்புகிறார்கள். இரண்டு ஸ்டெப்னி எடுத்துப்போவதும் உண்டு.

அவர்கள் வழக்கத்தில் இன்னொன்றை இங்கேயும் பின்பற்றலாம். கல்லும் மணலும் வந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி அதிக இடத்தில் தரையைத் தொடும். கூர்மையான கல்லின் மேல் முறைத்துக்கொண்டு நிற்காமல் வளைந்துகொடுக்கும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்தவுடன் மறுபடி காற்றடிப்பார்கள். கையோடு சிறு பம்ப் இருக்கும். இங்கே சிலர் பாதியைத்தான் கற்றிருக்கிறார்கள். காற்றை இறக்குகிறார்கள். திரும்ப அடிப்பதில்லை! காற்றுக் குறைந்த டயரைத் தார் ரோட்டில் வேகமாக ஓட்டினால் பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கிச் சூடாகும். வெடித்தாலும் வெடிக்கும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும்.

மலைக் கிராமத்து ஜீப்

இதுவரை சொன்னது உல்லாசப் பிரயாணம் போகிறவர்களுக்கு. இதே ரோட்டில் வேறு ஜீப்புகளும் ஓடுகின்றன.

பில்லூரைச் சுற்றிய காட்டில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து ரேஷன் மூட்டை ஏறுவதும் ஜீப்பில். தேன், நெல்லிக்காய் இறங்குவதும் ஜீப்பில். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு வருவதும், ஆம்புலன்ஸ் ஏற முடியாத இடமாக இருந்தால், ஜீப்பில்தான். நல்ல டயர் யாருக்கு வேண்டும்? இவர்களுக்குத்தான் வேண்டும். கிடைப்பது என்னவோ மொட்டை டயர்.

காரணம் பணம். நாள் வாடகையில் ஓடும் டிரைவர் புது டயர் நான்கு ஒரேயடியாக வாங்க முடியாது. ஒன்று ஒன்றாக, கிடைத்ததை வாங்கி மாட்டுகிறார். ரீட்ரேட் செய்து ஓட்டுகிறார். ரீட்ரேடிங் கெட்ட தொழில் அல்ல. கோவை வட்டாரத்துக்கு நன்கு பழக்கமான தொழில்தான். நல்ல உடம்புள்ள லாரி டயருக்கு, நல்ல பட்டறையில் செய்தால், நன்றாகவே உழைக்கும். ஆனால் கல்லில் அடிபட்டு, பக்கவாட்டில் வெட்டு விழுந்த ஜீப் டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி என்ன பயன்? உள்ளே நூல் அறுந்திருக்கும். அந்த டயரை முன் சக்கரத்தில் மாட்டவே கூடாது. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

இவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்காரர்கள் கழற்றிப்போடும் டயர்கள் கடைகளின் மூலையில் கிடக்கின்றன. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவை. பாதி விலைக்கு வாங்கலாம். மலை ஜீப் ஓட்டுகிறவர்கள் அந்தக் கடைகளில் சொல்லிவைக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். தார் ஜீப்பின் டயர் 16 அங்குலமோ 18 அங்குலமோ டிஸ்க்கில் உட்காருவது. 15 அங்குல டிஸ்க் உள்ள பொலேரோவில் ஏறாது. ஜிம்னியின் டயர் 15 அங்குலம்தான், பொலேரோவில் ஏறிவிடும். ஏறுகிறதே என்று மாட்டிவிடக்கூடாது. அதில் 96 என்று இருக்கும். 710 கிலோ கணக்கு. பொலேரோவின் 215/75 ஆர் 15 டயரில் 100 என்று இருக்கும். 800 கிலோ கணக்கு. பத்துப் பேரும் மூட்டையும் ஏறும் வண்டியில், ஒரு சக்கரத்துக்கு 90 கிலோ குறைந்தால் நான்கு சக்கரத்துக்கு 360 கிலோ. கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் அந்த நான்கை வாங்கவேண்டாம்.